அண்ணன் ரத்தம், தம்பி ரத்தம், மஞ்சள் தண்ணி

என் உடம்பிலிருந்து எல்லாம் தாராளமாக வரும். வேர்வை வரும், ஏப்பம் வரும், கேட்காத ஆளுக்கும் யோசனை வரும். ரத்தம் மட்டும் வராது. சவரம் செய்யும்போது கன்னத்தைக் கீறிக்கொண்டால்கூட, ஒரு பொட்டு ரத்தம் நன்றாக யோசித்துவிட்டுத்தான் வெளியே எட்டிப் பார்க்கும். இந்தக் குணம் தெரிந்திருந்தும், வீட்டில் உட்கார்ந்து என் ரத்தத்தை நானே எடுத்து, சென்னைக்கு அனுப்பி, நான் நிரபராதி என்று சான்றிதழ் வாங்கப் புறப்பட்டேன். எங்கள் வீட்டு விசேஷங்களில் இந்தக் கதை இன்றைக்கும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லப்படுகிறது. அங்கே சொல்லாமல் விடுகிற பகுதிகளும் இதில் இருக்கின்றன.

எனக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை. மனு எழுதித் தருவது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, போட்டோவில் இருப்பவர் அவர்தான் என்று அவரையே நம்பவைப்பது எல்லாம் உண்டு. அப்பாவும் அம்மாவும் என்னோடுதான் இருந்தார்கள். அண்ணன் ஏழுமலைக்குக் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி. (எங்கள் பக்கம் அது மல்லாட்டை. வேர்க்கடலை என்று சொன்னால் அண்ணனுக்கே எது என்று யோசிக்க வேண்டும்.)

கொரோனாவின் இரண்டாவது அலையில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது, "கடைய பூட்டினியாடா" என்று கேட்டார். பூட்டினேன் என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. திரும்பி வந்தது ஜிப் போட்ட பை. தூரத்தில் நிற்கவைத்து முகத்தைக் காட்டினார்கள். மூக்கு அப்பாவுடையது போலத்தான் இருந்தது. அந்த மூக்கை நம்பி அண்ணன் கொள்ளி வைத்தான்.

எங்களில் வேறு யாருக்கும் அப்போது காய்ச்சல் இல்லை. அப்படியானால் வாசலைத் தாண்டாத மனுஷனுக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தது யார்? தனக்கு ஒன்றும் தெரியாமலேயே கிருமியைச் சுமந்து வந்த அந்தப் புண்ணியவான் யார்? பதினாறாம் நாள் காரியத்தில், சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கைகழுவ எழுந்த நேரமாகப் பார்த்து அண்ணன் ஆரம்பித்தான்.

"பௌர்ணமிக்கு மலையைச் சுத்த வராதீங்கன்னு ஊருக்கே தடை போட்டாங்க. நீ மட்டும் அடி அண்ணாமலை சந்துல பூந்து சுத்திட்டு வந்த. மாஸ்க்க தாவாங்கட்டையில மாட்டிக்கினு. வந்து இன்னா சொன்ன? ஈசன் நெருப்பா நிக்கிற ஊரு, கிருமி கிட்ட வந்தா கருகிடும்னு சொன்னல்ல. இப்போ கருகினது யாருடா?"

நான் அப்படிச் சொன்னது உண்மை. அன்றைக்கு அதற்கு அதிகமாகச் சிரித்தவர் அப்பா.

பதிலுக்கு என்னிடமும் சரக்கு இருந்தது. "நீ மல்லாட்ட மூட்டையோட வந்து, அப்பா கட்டில்லயே உக்காந்துகினு லொக்கு லொக்குனு இருமினியே, அது இன்னாண்ணா?"

"அது மண்டி தூசிடா."

"தூசின்னு அது உன்கிட்ட வந்து சொல்லிச்சா?"

கை கழுவப் போனவர்கள் கழுவாமல் நின்றார்கள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்பு சொன்னான். "அப்பாவ கொன்ன வூட்ல அம்மா இருக்கக் கூடாது. நான் கூட்டிக்கினு போறேன்."

"யாரு கொன்னாங்கன்னு மொதல்ல தெரியட்டும். அதுவரைக்கும் அம்மா இங்கதான்."

இப்படியாக அம்மா போட்டிக்கு வைத்த கோப்பையானாள். யார் வீட்டில் இருக்க விருப்பம் என்று அவளை யாரும் கேட்கவில்லை. (கோப்பையை யார் கேட்பார்கள்?)

அதற்கப்புறம் ஒருநாள் கடையில் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த விளம்பரம் வந்தது. சென்னையில் ஒரு பரிசோதனைக் கம்பெனி. நாமே விரலைக் குத்தி, நாலைந்து சொட்டு ரத்தத்தை ஓர் அட்டையில் விட்டு, காயவைத்து அனுப்பினால் போதும். கொரோனா வந்து போன உடம்பில் ஆன்டிபாடி என்று ஒன்று தங்கிவிடுமாம். காய்ச்சலே தெரியாமல் வந்து போயிருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடுமாம். ஊசி போட்டவர்களுக்கும் அது இருக்கும் என்றார்கள். அந்தக் குழப்பம் எங்களுக்கு இல்லை. அண்ணனும் நானும் அதுவரை தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. (வரிசை ஜாஸ்தி, தைரியம் கம்மி.)

எனவே கணக்கு சுலபம். எவன் ரத்தத்தில் அது இருக்கிறதோ, அவன்தான் கொண்டுவந்தவன். ஊரில் லேப் இல்லாமலில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் லேபுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள், அவனுக்கு என்ன வியாதி, இன்னும் எத்தனை நாள் இருப்பான் என்பதைத் தேரடி வீதி வரை பேசி முடித்துவிடுவார்கள். வீட்டிலேயே குத்திக்கொள்வதுதான் கௌரவம் என்று முடிவு செய்து, ஆளுக்கொன்றாக இரண்டு பெட்டி வரவழைத்தேன்.

"ரெண்டு பேருக்குமே இருந்துச்சின்னா?" என்று என் மனைவி கஸ்தூரி கேட்டாள். "இல்ல, ரெண்டு பேருக்குமே இல்லாம போச்சின்னா?"

இதெல்லாம் மருத்துவ விஷயம், உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன்.

அண்ணனுக்குப் போன் போட்டு, "ஆம்பளையா இருந்தா வந்து ரத்தம் குடு" என்றேன். அவனும் ஆம்பளையாக இருந்ததால் ஒப்புக்கொண்டான். ஆடி அமாவாசை அன்று அப்பாவுக்குப் படையல் போட எப்படியும் எங்கள் வீட்டுக்கு வரப்போகிறான். ஒரே நாளில் இரண்டு வேலையும் முடியும் என்று ஏற்பாடு. இதில் ஒரு சின்ன விஷயத்தை இரண்டு மேதைகளும் யோசிக்கவில்லை. அமாவாசை விரதம். படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, காக்கை வந்து எடுக்கும்வரை பிள்ளைகளுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. ரத்தம் கொடுக்கிறவன் நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும் என்று பெட்டியோடு வந்த தாளில் கம்பெனிக்காரர்கள் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன, அவர்களுடைய காக்கைகள் சீக்கிரம் வருமோ என்னவோ.

காலையில் கூடத்தில் பாயை விரித்து எதிரெதிரே உட்கார்ந்தோம். அண்ணன் வெள்ளை வேட்டியில், மீசையை நீவிக்கொண்டு, பஞ்சாயத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தான். அவனுக்குப் பின்னால் ஸ்டூல் மேல் அப்பாவின் போட்டோ. சமையலறையில் அம்மா வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியைப் பிரித்தேன். பேனா மூடி அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பி. விரலில் வைத்து அழுத்தினால், உள்ளே இருக்கும் ஊசி வெளியே வந்து ஒரு குத்து குத்திவிட்டு, ஒன்றும் தெரியாதது போல உள்ளே போய்விடும். (சொந்தத்தில் சிலருடைய முகம் ஞாபகம் வந்தது.) அப்புறம் ஒரு தடித்த வெள்ளை அட்டை. அதில் வரிசையாக வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் சொட்டு தானாக விழவேண்டும், விரல் படக்கூடாது.

"நீ மொதல்ல" என்றான் அண்ணன்.

"நீதான பெரியவன்."

"கொள்ளி வைக்கத்தான் பெரியவன். இதுக்கு சின்னவன்."

குத்தினேன். டிக் என்றது. கண்ணைத் திறந்து பார்த்தேன். விரலில் ஒரு புள்ளி இருந்தது. ரத்தம் இல்லை.

"இன்னாடா, உள்ள ஸ்டாக் இல்லியா?" என்றான் அண்ணன்.

கஸ்தூரி தாளைப் பார்த்து, கையை வெந்நீரில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். இன்னொரு ஊசியால் இன்னொரு விரலைக் குத்தினேன். கையைத் தொங்கவிட்டு உதறச் சொன்னாள். கடைக்கு வரும் கோபக்கார மனுதாரர்களை மனதில் நினைத்துக்கொண்டு பலமாக உதறினேன். அதுவரை வராத சொட்டு அப்போதுதான் புறப்பட்டு, நேராகப் போய் அண்ணன் வேட்டியில் விழுந்தது.

"அட்டையில வுட சொன்னா என் மேல வுடறான் பாரு. எப்பவும் இப்படித்தான், இவன் பண்றது நம்ம மேல."

அப்புறம் பசு மடியைப் பீய்ச்சுவது போலக் கஸ்தூரி என் விரலைப் பிடித்துப் பீய்ச்சினாள். வட்டத்துக்கு ஒரு கடுகு என்று ஏதோ விழுந்தது. ஒரு வட்டமும் நிறையவில்லை. ரத்தம் என்று சொன்னால்தான் தெரியும்.

அண்ணன் முறை. ஏளனமாகச் சிரித்துக்கொண்டே குத்திக்கொண்டான். அவனுக்கு மேல்நிலைத் தொட்டிக் குழாய் மாதிரி உடனே வந்தது. தன் விரலை வெற்றியோடு தூக்கிக் காட்டினான். காட்டியவன் தானும் பார்த்தான். பார்த்ததும் முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் அங்கேயே நிற்க, ஆள் பக்கவாட்டில் சாய்ந்து, மல்லாட்டை மூட்டை இறக்கியதுபோல ஒரு சத்தத்துடன் பாயில் விழுந்தான்.

"மாமா" என்று கஸ்தூரி தண்ணீருக்கு ஓடினாள்.

நான் என்ன செய்தேன் என்பதை இங்கே சொல்லவேண்டும். அண்ணன் மூச்சு விடுகிறானா என்று பார்த்தேன். விட்டான். அப்புறம் அவன் விரலைப் பார்த்தேன். ஆள் மயங்கிக் கிடந்தாலும் விரல் வேலை செய்துகொண்டிருந்தது. நல்ல ரத்தம் வீணாகிறதே என்று, அவனுடைய அட்டையை எடுத்து வட்டம் வட்டமாக நிரப்பினேன். கோலப்போட்டிக்கு வைத்தால் பரிசு கிடைத்திருக்கும்.

தண்ணீர் தெளித்ததும் அண்ணன் கண்ணைத் திறந்தான். எங்கே இருக்கிறோம் என்று கேட்கவில்லை. நேராக அட்டையைப் பார்த்தான்.

"யார்ரா இத வெச்சது?"

"நான்தான். உன் ரத்தம்தான்."

"நான் மயங்கிக் கெடக்க சொல்ல, என் அட்டையில உன் ரத்தத்த வெச்சிட்டியா?"

"எனக்கு அவ்ளோ ரத்தம் வந்தா நான் ஏண்ணா கடுகு வெச்சிக்கினு உக்காந்திருக்கேன்?"

"பேசாத. அப்பாவ முடிச்சிட்ட, இப்போ பழியையும் என் கணக்குல எழுதப் பாக்கற."

இதற்கு மேல் நாங்கள் பேசியதை விசேஷங்களில் யாரும் சொல்வதில்லை. நானும் முழுசாக எழுதப்போவதில்லை. அவன் என் கிரிவலத்தைச் சொன்னான், நான் அவன் இருமலைச் சொன்னேன், அவன் என் கடைக்கூட்டத்தைச் சொன்னான், நான் அவன் மண்டிக்கூட்டத்தைச் சொன்னேன். இரண்டு வளர்ந்த ஆண்கள், ஆளுக்கொரு விரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு, அப்பாவின் போட்டோவுக்கு முன்னால் நீதான் கொன்றாய், நீதான் கொன்றாய் என்று கத்தினோம். கடைசியில் அண்ணன் இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டுபோய் போட்டோவுக்குக் கீழே வைத்தான்.

"இங்கியே காயட்டும். யாரும் தொடக்கூடாது. அவரே பாத்துக்கினு இருக்கட்டும்."

அப்போது அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கையில் பித்தளைச் சொம்பு, அதற்குள் மஞ்சள் தண்ணீர், ஒரு கொத்து வேப்பிலை.

"அமாவாசையும் அதுவுமா படையல் போடற வூட்ல ரத்தத்தக் கொட்டி வெச்சிருக்கீங்க. தீட்டு. நவுருங்க."

வாசலில் தெளித்தாள். கூடத்தில் தெளித்தாள். எங்கள் இருவர் தலையிலும், கொஞ்சம் வேகமாகவே, தெளித்தாள். வேப்பிலை முகத்தில் பட்டு எரிந்தது. அப்புறம் ஸ்டூல் அருகே போய்ச் சொம்பைக் கவிழ்த்தாள். சொம்பில் மிச்சமிருந்த அத்தனையும் அட்டைகளின் மேல் விழுந்தது. அண்ணனுடைய அழகான வட்டங்களும் என்னுடைய கடுகுகளும் கரைந்து, ஆரத்தித் தட்டு நிறத்தில் ஒன்றாக ஓடி, ஸ்டூல் காலடியில் தேங்கின.

"போய்க் குளிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வடை தட்டப் போய்விட்டாள்.

அன்றைக்குக் காக்கை வெகுநேரம் வரவில்லை. எங்கள் சத்தம் அதற்கும் கேட்டிருக்கும்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவர்கள் அட்டையைக் குப்பையில் போட்டிருப்பார்கள். அண்ணன், "காஞ்சிடுச்சின்னா ஒண்ணும் தெரியாதுடா, அனுப்பு" என்றான். வெயிலில் வைக்கக்கூடாது என்று போட்டிருந்ததை, மஞ்சள் படாத அட்டைகளுக்கு எழுதியது என்று விளக்கம் கொடுத்து, மொட்டைமாடியில் காயவைத்து அனுப்பினேன். சில நாள் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார்.

"அருணாசலம் சாருங்களா? உங்க சாம்பிள் வந்திருக்கு. அதுல மஞ்சளா இருக்கே, அது என்ன சார்?"

"மஞ்சள்தாங்க."

"அதான் சார் கேக்கறேன். மஞ்சளா இருக்கறது என்ன?"

"மஞ்சள்ங்க. விரலி மஞ்சள். வீட்லயே அரைச்சது."

அந்தப் பக்கம் அட்டையைத் திருப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"ஒரு இலை ஒட்டியிருக்கு சார்."

"வேப்பிலைங்க."

"ரெண்டு சாம்பிள்லயும் மஞ்சள் இருக்கு சார்."

"ஆமாங்க. எங்க அம்மா பாரபட்சம் பாக்க மாட்டாங்க."

அவர் நல்ல பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இவற்றைப் பரிசோதிக்க முடியாது, புதிதாக இரண்டு பெட்டி அனுப்புகிறோம் என்றார். இந்தச் சந்தோஷச் செய்தியோடு வீட்டுக்குப் போனேன். அம்மா முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வேற அனுப்பறாங்களாம்மா. இந்தத் தடவ அமாவாசை பாக்காம எடுத்துடறோம். நீ தண்ணி கிண்ணி தெளிக்காம இருந்தா போதும்."

"அனுப்பட்டும். அதுலயும் ஊத்துவேன்."

எனக்குப் புரிய நேரமானது. "தீட்டுன்னுதான ஊத்தின?"

"அந்தத் தாள நானும்தான் படிச்சேன். ஈரம் படக்கூடாதுன்னு கொட்ட எழுத்துல போட்டிருந்துச்சி."

"அப்பாவுக்கு யாரால வந்துச்சின்னு உனக்குத் தெரிய வேணாமாம்மா?"

அம்மா ஒரு மல்லாட்டையை உடைத்தாள். சொத்தை. தூர எறிந்தாள்.

"தெரிஞ்சி? அவரு போயிட்டாரு. யாருன்னு தெரிஞ்சா அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? அவனும் போயிட்ட மாதிரிதான். மிச்சம் ஒருத்தன வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

அவள் மனசை இலேசாக்க ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மூடு" என்றாள். "பந்தயம் கட்ட நான் இன்னா சேவலா? அமாவாசைக்கு அமாவாசை வூடு மாறிக்கறேன். ஒரு மாசம் இங்க, ஒரு மாசம் அங்க. உங்க அண்ணங்கிட்ட சொல்லிடு. வேற எதையும் சொல்லாத."

வேறு எதையும் சொல்லவில்லை. புதுப் பெட்டிகள் வந்தன. கடையில் அலமாரிக்கு மேலே போட்டேன், அங்கேயே கிடந்தன. வீட்டைப் பொறுத்தவரை, படிக்காத கிழவி தீட்டு என்று பயந்து மகன்களின் ரத்தத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டாள். அப்படித்தான் கதை பரவியது. அண்ணன்தான் பரப்பினான். தான் மயங்கியதை மட்டும் என் பெயரில் மாற்றிக்கொண்டான். யாராவது அம்மாவைக் கேலி செய்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். கிருமியைக் கொண்டுவந்தது அண்ணன்தான் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அவனுக்கு நான்தான் என்று. கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில் எனக்கும் நான்தான் என்று தோன்றும்.

போன வருஷம் அண்ணன் மகள் கல்யாணம். புது மாப்பிள்ளை நல்ல பையன், பெரியவர்களிடம் மரியாதை. மறுநாள் விருந்தில் அண்ணன் இந்தக் கதையை நடித்தே காட்டினான். விழுந்து காட்டினான். நான் சென்னைப் பெண் குரலில் பேசிக்காட்டினேன். பந்தி முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அதெல்லாம் சரி மாமா. எதுக்கு ரெண்டு பேரும் ரத்தம் எடுத்தீங்க? இன்னா டெஸ்ட்டு அது?"

அண்ணன் என்னைப் பார்த்தான். எதிர்வரிசையில் அம்மா சாதத்தைப் பிசைவதை நிறுத்தியிருந்தாள்.

"சக்கரைக்கு" என்றான் அண்ணன்.

"ஆமா மாப்ள, சக்கரைக்குத்தான்" என்றேன் நான்.

மாப்பிள்ளை நல்ல பையன் என்று சொன்னேன் அல்லவா. உடனே பாயசம் கொண்டுவந்தவரைக் கையமர்த்தி, மாமாக்கள் இருவருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டாருக்கும் சொல்லிவிட்டார். வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று அதற்குப் பிறகு எத்தனையோ பந்தி. எல்லோர் இலையிலும் லட்டு விழும், எங்கள் இலையில் விழாது. பாயச வாளி எங்களிடம் வந்ததும் வேகமாக நடக்கும். எங்கள் இருவருக்கும் சர்க்கரை சுத்தமாகக் கிடையாது. அண்ணன் என் இலையைப் பார்ப்பான், நான் அவன் இலையைப் பார்ப்பேன். அப்புறம் இருவரும் மோர் கேட்போம்.